சின்னப் பட்டறைக்கு எது சரி: காப்புரிமையா, தொழில் ரகசியமா?

கோவையில் சின்ன வெங்காயம் உரிக்கும் இயந்திரம் செய்கிற பட்டறை எங்களுடையது. காற்றைப் பாய்ச்சித் தோலைக் கழற்றும் அமைப்பில் புதிதாக ஒன்று கைக்கு வந்ததும், பதிவு செய்வதா, வாயை மூடிக்கொண்டு விற்பதா என்ற கேள்வி வந்தது. நாங்கள் காப்புரிமைக்கு, அதாவது பேடன்டுக்கு, விண்ணப்பித்தோம். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ரகசியத்துக்குக் கட்டணமும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. காப்புரிமை 20 ஆண்டுகள்தான். விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் விவரம் ஊருக்கே தெரிந்துவிடும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

செலவும் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், காப்புரிமை அலுவலகம் அதைப் பரிசோதிக்க 4,000. விண்ணப்பத்தை எழுதித் தரும் ஏஜென்ட் கேட்பதுதான் பெரிய தொகை. தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விவரம், போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டால், முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இயந்திரத்தைக் கண்காட்சியில் வைத்துவிடாதீர்கள். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே சலுகை உண்டு. மற்ற இடத்தில் காட்டினால் புதுமை போச்சு, காப்புரிமையும் கிடைக்காது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஆட்கள் விஷயம். இங்கே தொழில் கற்ற ஃபிட்டர் நாளைக்குப் பக்கத்து ஷெட்டுக்குப் போவார், இல்லையென்றால் சொந்தமாக லேத் போடுவார். அதைக் குற்றம் சொல்ல முடியாது, கோவையில் பாதிப் பட்டறைகள் பிறந்ததே அப்படித்தான். வேலையை விட்டபின் இதே தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27 அதைச் செல்லாததாக்கிவிடும். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் செல்லும். ஆனால் அவர் எதைக் கொண்டுபோனார் என்று நிரூபிப்பது நம் தலையில். தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2024இல் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒரு வரைவைத் தந்தது. இது போக, நாம் விற்ற இயந்திரத்தையே வாங்கி ஸ்பேனரால் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்பவரை ரகசியம் என்று சொல்லித் தடுக்க முடியாது. காப்புரிமையில் எப்படிக் கற்றார் என்ற கேள்வியே எழாது. அனுமதியில்லாமல் செய்து விற்றால் மீறல்தான்.

நீதிமன்ற அனுபவம் எனக்கு இல்லை. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் வழக்கே போட முடியும். எங்களுடையது இன்னும் பரிசோதனையில் இருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே இது செல்லாது என்பதையும் மறக்கக்கூடாது.

டிரம்முக்குள் ஒட்டுகிற ரப்பரின் கலவையை மட்டும் ரகசியமாகவே வைத்திருக்கிறோம், பிரித்துப் பார்த்தாலும் விகிதம் பிடிபடாது என்பதால். எடை போடுவது அண்ணன் மட்டும்தான். அவர் ஊரில் இல்லாத நாளில் புது டிரம் வேலை அப்படியே நிற்கிறது, அதற்கு இன்னும் ஒரு வழி பிடிபடவில்லை.