பாக்கெட் வெச்ச காட்டன் நைட்டி, 420 ரூபா: ஏழு மாசம் போட்டு பாத்துட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், இந்த நைட்டி எந்த கடைலயும் கிடைக்காது, ஆன்லைன்லயும் கிடையாது, தச்சவங்க பேரையும் இடத்தையும் நான் இங்க போட போறதும் இல்ல. ரிவ்யூன்னு எழுதிட்டு கடை பேரு சொல்லலைன்னா கடுப்பாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, கொஞ்சம் படிங்க.

நான் அண்ணா நகர்ல ஒரு சின்ன ஆடிட் ஆபிஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். போன நவராத்திரி சமயத்துல எங்க பில்டிங் கீழ ஒரு டேபிள் போட்டு ரெண்டு அக்கா நைட்டி, துணிப்பை, தலகாணி உறை எல்லாம் வித்துட்டு இருந்தாங்க. நைட்டி விஷயத்துல நான் கொஞ்சம் ஓவர், எம்.சி. ரோடுல 200 ரூபாக்கு வாங்கி மூணே மாசத்துல கக்கத்துல கிழிஞ்சதும் உண்டு, பாண்டி பஜார்ல 700 குடுத்து வாங்கி சாயம் போயி வயித்தெரிச்சல் பட்டதும் உண்டு. அதனால 420ன்னு சொன்னதும் உள்பக்கத்தை திருப்பி தையலைத்தான் பாத்தேன். சைடுல ரெட்டை தையல், ஓவர்லாக் சுத்தமா போட்டிருக்கு, கழுத்துல பட்டி மடிச்சு அடிச்சிருக்கு, நூல் தொங்கல. மெரூன்ல ஒண்ணு, நீலத்துல வெள்ளை பூ போட்டது ஒண்ணு வாங்கினேன்.

சைஸ் பத்தி: எக்ஸ்எல்னு போட்டிருந்தாலும் கடை எக்ஸ்எல்லை விட ஒரு சுத்து சின்னதுதான், சந்தேகம்னா ஒரு சைஸ் மேல எடுங்க. உயரம் அஞ்சடி நாலு அங்குலம் இருக்கற எனக்கு கணுக்கால் வரைக்கும் வந்துச்சு, முதல் வாஷ்ல ஒரு அங்குலம் ஏறிடுச்சு, அதுக்கப்புறம் ஏறல. நீலம் பிரச்சனையே இல்ல. மெரூன் மட்டும் முதல் ரெண்டு தடவை சாயம் விட்டுச்சு, எங்க வீட்டுக்காரரோட வெள்ளை பனியன் மூணும் ரோஸ் கலர் ஆச்சு, தனியா ஊறப்போடுங்கன்னு அந்த அக்கா சொல்லித்தான் அனுப்பினாங்க, நான்தான் கேக்கல. சென்னை வெயிலுக்கு துணி அருமை, அக்னி நட்சத்திரத்துல ராத்திரி கரண்ட் போனப்பகூட உடம்புல ஒட்டல.

இப்ப பாக்கெட். வலது பக்கம் சைடு தையலுக்குள்ள ஒரு பாக்கெட், அதுக்குள்ள சின்னதா ஒரு ஜிப். வெளில இருந்து பாத்தா பாக்கெட் இருக்கறதே தெரியாது. போன் உள்ள போகும், கூடவே நாலா மடிச்ச நோட்டு, சாவி போகும். நைட்டில பாக்கெட் வெக்கற ஆளு இந்த ஊர்ல யாருமே இல்லையேன்னு நான் எத்தனையோ வருஷமா புலம்பறேன், அதனால பாத்ததும் சந்தோஷத்துல "யாருக்கா இந்த ஐடியா குடுத்தது"ன்னு கேட்டேன். அந்த அக்கா நைட்டியை மடிச்சுக்கிட்டே, "எங்ககிட்ட வர பாதி பேரு நைட்டியோடதான் மா வராங்க, கைல ஒண்ணும் இருக்காது"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு பையில போட்டு குடுத்துட்டாங்க, நானும் வாங்கிட்டு மாடி ஏறிட்டேன். ஜிப் நல்ல ஜிப், ஏழு மாசமா மாட்டிக்கல.

தீபாவளிக்கு அம்மாக்கும் நாத்தனாருக்கும் நாலு வேணும்னு போன் பண்ணப்பதான் கடுப்பு ஆரம்பிச்சது. கடை எங்கன்னு கேட்டா கடை இல்லைங்கறாங்க, தைக்கற இடத்துக்கே வந்து எடுத்துக்கறேன்னா வேணாம் மாங்கறாங்க, பைக் டாக்ஸி ஆளை அனுப்பட்டுமான்னா அதுவும் வேணாமாம், கடைசில திருமங்கலம் மெட்ரோ வாசல்ல நின்னு கைமாத்தினோம், ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி. பார்சல் கவர்ல அனுப்பறவங்க அட்ரஸே இல்ல. தைக்கறவங்க போட்டோ ஒண்ணு குடுங்க ஸ்டேட்டஸ்ல போடறேன், ஆர்டர் குவியும்னு வேற கேட்டு வெச்சேன். இல்ல மா, மூஞ்சி வேணாம், மெஷினை எடுத்து போடுன்னாங்க. புருஷன் அடிச்சு வெளில வந்தவங்க தங்கற ஹோம் அது, தேடிட்டு வர ஆளுங்க இருக்காங்க, ஒரு போட்டோல பின்னாடி தெரியற சுவரு போதும்னு அப்பதான் மண்டைல ஏறுச்சு. டெலிவரிக்கு ரெண்டு ஸ்டார் குடுக்கலாம்னு நினைச்சவ நான், இப்ப அதுக்குத்தான் முழு மார்க்.

இங்க ஒண்ணு சொல்லிடணும், மூணாவது தடவை வாங்கினப்ப 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரில கழிவு வாங்கறதுக்கு தர ரசீது) பத்தி பேச்சு வந்து, இப்ப மாசத்துல ஒரு சனிக்கிழமை போயி நான்தான் அவங்க கணக்கு புக்கு எழுதறேன், காசு வாங்கறதில்ல. அதனால இது நடுநிலையான ரிவ்யூன்னு எடுத்துக்காதீங்க. ஆனா கணக்கு பாத்ததாலதான் இனிமே சொல்லப்போறதை சொல்ல முடியுது.

நைட்டி வாங்கறவங்க எல்லாம் "அப்பாடா, ஒரு நல்ல காரியத்துக்கு குடுத்தோம்"னு போறாங்க, நானும் அப்படித்தான் போனேன். ஒரு நைட்டிக்கு மூணு மீட்டர் துணி, கொடவுன் ஸ்ட்ரீட்ல மீட்டர் 72 போட்டு 216, தையல் கூலி 85, ஜிப்பு நூலு 14, கவரு கொண்டு போற செலவு 25, மொத்தம் 340. மீதி 80 ரூபா. மாசம் 70 நைட்டி போனா 5,600, அதுல ஹோமுக்கு கரண்ட் பில்லும் சிலிண்டரும் கட்டலாம், அவ்ளோதான். அங்க வர பொண்ணுங்ககிட்ட உக்காந்து பேசி வழி சொல்ற ஒரு கவுன்சிலர் இருக்காங்க (வார்டு கவுன்சிலர் இல்ல), சம்பளம் 25,000. அதை நைட்டில இருந்து எடுக்கணும்னா மாசம் 312 வித்தாலும் இன்னும் 40 ரூபா இடிக்கும். வாடகையை நான் இதுல சேக்கவே இல்ல.

தையலால யாருக்கு லாபம்னா அந்த 85 ரூபா வாங்கறவங்களுக்கு. ஹோம்ல இருந்து கிளம்பி தனியா ரூம் எடுத்து இருக்கற ரெண்டு பேரு இன்னும் தைக்க வராங்க, 2021லேர்ந்து ஆர்டினரி பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறதாலதான் அது கட்டுப்படியாகுது. அது நிஜமான உதவி. ஆனா நைட்டி விக்கறதுல ஹோம் ஓடுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சரி அந்த கவுன்சிலர் அப்படி என்ன பண்றாங்கன்னு கேக்கலாம், எங்க ஆபிஸ்லயே கேட்டாங்க, ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சேத்து விட்டா முடிஞ்சது தானேன்னு. ஹாஸ்டல்ல ஆதார் கேப்பான், கார்டியன் கையெழுத்து கேப்பான், ஆதார் பீரோக்குள்ள புருஷன் வீட்ல இருக்கு, கார்டியன்னு யாரை காட்டறது. கைல ரெண்டு வயசு குழந்தை வேற. பெரிய பையனுக்கு ஸ்கூல்ல டிசி வாங்கணும், அங்க போனா புதுசா சேர்ற ஸ்கூல் பேரு அப்பன் காதுக்கு போகாம பாத்துக்கணும். போன்ல லொக்கேஷன் ஆன்ல இருக்கான்னு பாக்கணும். அவசரத்துக்கு 181 பெண்கள் ஹெல்ப்லைன் இருக்கு, வன்முறைல இருந்து வர பொண்ணுங்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்துல தர அரசாங்க ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, 2015ல நிர்பயா நிதில ஆரம்பிச்ச திட்டம் அது, நல்ல விஷயம்தான், ஆனா அங்க தங்கறது அஞ்சு நாள் வரைக்கும்தான். குடும்ப வன்முறை சட்டத்துல மனு குடுத்தா முதல் ஹியரிங்லேர்ந்து 60 நாளுக்குள்ள முடிக்க பாக்கணும்னு 2005 சட்டத்துலயே எழுதியிருக்கு. அஞ்சு எங்க 60 எங்க, அந்த 60ம் பேப்பர்ல உள்ள 60, கோர்ட்டு வாசல் ஏறினவங்களுக்கு தெரியும். நடுவுல இருக்கற நாளெல்லாம் அவங்க எங்க தூங்குவாங்க? அந்த இடத்தைத்தான் இந்த மாதிரி ஹோம் அடைக்குது.

இன்னொண்ணு, சமாதானம் பேசற சொந்தக்காரங்க நமக்கு நிறைய இருக்காங்க, "குழந்தைக்காக பொறுத்துக்கோ மா"ன்னு சொல்ல ஆள் தேட வேண்டியதே இல்ல. தமிழ்நாட்டோட முதல் மகளிர் காவல் நிலையம் 1992ல ஆயிரம் விளக்குல வந்துச்சு, எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அடி வாங்கினவங்க முதல்ல போயி நிக்கறது அண்ணன் வீட்லதான், அண்ணன் திரும்ப கொண்டு போய் விட்டுட்டு வருவான். அப்படி பஞ்சாயத்து பண்ணாம, அந்த வீட்ல இருக்க சட்டப்படி உனக்கு உரிமை இருக்கு, நீ என்ன பண்ண நினைக்கறன்னு உக்காந்து கேக்கறதுக்கு பழகின ஆள் வேணும். அந்த ஆள் ஆறு மாசத்துல வேற வேலைக்கு போயிட்டா, நம்பி பேச ஆரம்பிச்ச நாலு பேரு மறுபடி வாயை மூடிக்குவாங்க. அதனாலதான் சம்பளம் முக்கியம்னு நான் கத்தறேன். தமிழ்நாட்டுல கல்யாணமான பொண்ணுங்கள்ல 38 சதவீதம் பேரு புருஷன்கிட்ட வன்முறையை பாத்திருக்காங்கன்னு 2019-21 தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது. நம்ம ஃப்ளோர்ல பத்து பேர் இருந்தா கூட்டி பாத்துக்கோங்க.

ஆனா குடுக்கறவங்க எதுக்கு குடுக்கறாங்க தெரியுமா, மெஷினுக்கு. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல (பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூக சேவைக்கு செலவு பண்ணணுமே, அதுல) பத்து தையல் மெஷின் குடுத்திருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் அவங்க லோகோ ஸ்டிக்கர். தைக்க தெரிஞ்சவங்க எப்பவும் நாலு பேருக்கு மேல இருக்கறதில்ல, மீதி ஆறும் உறை போட்டு மூலைல நிக்குது, மேல தலகாணி அடுக்கியிருக்காங்க. நான் போன முதல் சனிக்கிழமை அந்த மாச வாடகைக்கு என்ன பண்றதுன்னு தெரியாம அக்கா கால்குலேட்டரை தட்டிட்டு உக்காந்திருந்தாங்க, பின்னாடி லோகோ போட்ட ஆறு மெஷின். சிஎஸ்ஆர் பணத்தை எதுக்கெல்லாம் செலவு பண்ணலாம்னு சொல்ற கம்பெனி சட்டத்தோட ஏழாவது அட்டவணைல பெண்களுக்கான ஹோமும் இருக்கு, அந்த 2 சதவீதத்துல இருந்து வாடகையும் தரலாம், ஆனா வாடகை ரசீதை போட்டோ எடுத்து ஆண்டறிக்கைல போட்டா அழகா இருக்காதே. வெளிநாட்டு பணம் வாங்கற டிரஸ்ட்டுங்களுக்கு இன்னொரு தலைவலி, நிர்வாக செலவு முன்ன 50 சதவீதம் வரை போகலாம்னு இருந்ததை 2020ல 20 ஆக்கிட்டாங்க, பெரிய டிரஸ்ட் வாங்கி சின்னதுக்கு பிரிச்சு குடுக்கறதும் அதோட போச்சு. இவங்க அந்த பணம் வாங்கறதில்ல, இருந்தாலும் முன்னாடி கை குடுத்த பெரிய டிரஸ்ட்டுங்க இப்ப கையை பிசையுது.

சென்னைல இந்த மாதிரி வியாபாரமும் சேவையும் கலந்த முயற்சி புதுசில்ல. 2001லேர்ந்து வன்முறைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு உதவற பிசிவிசிங்கற அமைப்பு கூட சேந்து, தீக்காயத்துல இருந்து மீண்ட பொண்ணுங்களுக்கு பயிற்சி குடுத்து பீட்டர்ஸ் ரோடு ரைட்டர்ஸ் கஃபேல வேலைக்கு வெச்சாங்க, பேப்பர்லயும் வந்துச்சு. வேலை கிடைச்சு அவங்க கால்ல அவங்க நிக்கறது பெரிய விஷயம். ஹோம் நடத்தற செலவு அது வேற கணக்கு, ரெண்டையும் ஒரே லெட்ஜர்ல போட்டு குழப்பிக்கறோம்னு தோணுது, என் புத்தி அப்படி, எதை பாத்தாலும் லெட்ஜர்.

குடுக்கணும்னு நினைக்கறவங்களுக்கு ஆடிட் ஆபிஸ்காரியா ரெண்டு வார்த்தை. நைட்டிக்கு குடுத்த 420க்கு 80ஜி கிடையாது, அது பொருள் வாங்கினது. தனியா நன்கொடையா குடுத்தா பாதி தொகைக்கு கழிவு உண்டு, அதுவும் வருமான வரில பழைய ரெஜீம்ல இருந்தாத்தான், புது ரெஜீம்ல ஒண்ணும் கிடையாது, கேஷா 2,000க்கு மேல குடுத்தாலும் கிடையாது. மார்ச் 31 ராத்திரி வந்து மொத்தமா போடறதை விட மாசம் 300 ரூபா ஆட்டோ டெபிட் போடுங்க, 40 பேர் அப்படி போட்டா மாசம் 12,000, அந்த கவுன்சிலர் சம்பளத்துல பாதி கிட்ட கண்ணை மூடிட்டு எழுதிடலாம். எங்க ஆபிஸ்ல கேட்டதுல ஒன்பது பேர் சேந்தாங்க, எங்க சாரு யோசிக்கறேன்னாரு, மூணு மாசமா யோசிக்கறாரு. பழைய துணி மூட்டை கட்டி குடுக்காதீங்க தயவு செஞ்சு, பிரிச்சு போடவே ஒரு ஆளு வேணும்.

நைட்டிக்கு வரேன். குறைன்னு பாத்தா கலர் நாலுதான், குளுகுளுன்னு லைட் கலர் ஒண்ணு கூட இல்ல, கேட்டா அழுக்கு தெரியும்னு யாரும் வாங்கலையாம். ஃபீடிங் ஜிப் வெச்சது வேணும்னா முன்கூட்டி சொல்லணும், 30 ரூபா கூட. ஒரே ஒரு தடவை ஆர்டர் பத்து நாள் லேட் ஆச்சு, அந்த வாரம் ராத்திரியோட ராத்திரியா மூணு பேர் வந்து சேந்திருந்தாங்க, மெஷின் ரூம்லயும் பாய் விரிச்சிருந்தாங்க, யாரும் தைக்கல. துணிக்கும் தையலுக்கும் அஞ்சுக்கு நாலரை, பாக்கெட்டுக்கு அஞ்சு. ஆடி தள்ளுபடி எல்லாம் கிடையாது, பேரம் பேசாதீங்க, 80 ரூபாதான் மீதின்னு கணக்கே போட்டு காட்டிட்டேன்.

வேணுங்கறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அக்காகிட்ட கேட்டுட்டு நானே வாங்கி கைல தரேன், முன்ன பின்ன தெரியாத ஐடிக்கு நம்பர் தர மாட்டேன், கோச்சுக்காதீங்க. அடுத்த லாட்டுல இலைப்பச்சை வருதாம், எனக்கு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.