அரியமான்ல, தண்ணில மாட்டுனவங்களுக்கு மிதவை போடுற ட்ரோன், அஞ்சுக்கு மூணு மார்க்
மச்சான் செட்டு வாங்குன ட்ரோன அரியமான் பீச்ல விட்டுப் பாத்தோம், பக்கத்துலயே உச்சிப்புளி நேவி ஏர்பேஸ் இருக்கறதால பெர்மிஷன் வாங்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு. ட்ரோனோட கொக்கில சுருட்டி மாட்டி வச்ச மிதவை டியூப்பு, தண்ணில விழுந்ததும் உள்ள மாத்திரை கரைஞ்சு கேஸ் அடைச்சு புஸ்ஸுன்னு ஊதிக்குது, செம! ஆனா ஒரு டியூப்பு கடக்காத்து ஈரத்துலயே கார் டிக்கிக்குள்ள ஊதிருச்சுங்க, கடைக்காரர் மாத்தித் தரமாட்டேன்னுட்டாரு.

2018ல ஆஸ்திரேலியா லெனாக்ஸ் ஹெட்ல அலைல மாட்டுன ரெண்டு பசங்களுக்கு 70 செகண்ட்ல ட்ரோன் மிதவை போட்டுச்சே, அத நம்பித்தான் வாங்குனது. இங்க கச்சான் காத்துக்கு (மேக்க இருந்து அடிக்கிற காத்து) முத டியூப்பு பத்தடி தள்ளி விழுந்துச்சு, ரெண்டாவதுதான் கைக்கு எட்டுச்சு. தனுஷ்கோடி நீரோட்டத்துல டியூப்ப புடிச்சிட்டு மெதக்கலாம், கரைக்கு இழுத்துட்டு வர வத்தக்காரன்தான் (படகுக்காரன்) வரணும்.