தோல் புற்றுநோய் ஆய்வுக்குப் பேராசிரியர் தேடித் தரும் சேவை: ஐந்துக்கு மூன்று மதிப்பெண்

திருச்சியில் அலுவலகம் வைத்து, டெல்டா கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேடித் தரும் நிறுவனம் இது. தோல் புற்றுநோய் ஆய்வுக்கு உதவிப் பேராசிரியர் கேட்கும் தனியார் பல்கலைக்கழகத் துறைகளுக்காக இந்த மதிப்பீடு.

காகித வேலை சுத்தம். பட்டம், நெட் (பேராசிரியர் தகுதித் தேர்வு), கட்டுரைப் பட்டியல் எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு, பிழைக்காக இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால் தனியே குறித்துத் தருகிறார்கள். கட்டணத்தில் பாதி கையெழுத்தின்போது, மீதி ஆள் சேர்ந்த பிறகு.

சிக்கல் தேடும் விதத்தில்தான். படிவத்தில் 'தோல் புற்றுநோய்' என்று மட்டும் எழுதினால், பி16 என்ற ஆய்வக எலிப் புற்றுக் கட்டியில் மூலிகைச் சாறு சோதித்தவர்களும் முகப்பூச்சு ஆராய்ச்சியாளர்களுமாக வந்து குவிகிறார்கள். நம் பக்கம் மருத்துவமனைக்கு வரும் மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்று) பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ இருக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள் அதை முள் குத்திய வடு, கால் ஆணி என்று விட்டுவிடுகிறார்கள். முற்றிய பிறகே வருகிறார்கள். இந்த வகையில், வெயில் படும் இடத்தில் வருவதைவிட பிராஃப் (BRAF) மரபணுவில் மாற்றம் குறைவு, கிட் (KIT) மரபணுவில் மாற்றம் கூடுதல். இது தெரியாதவரை எடுத்துப் பயனில்லை.

அதனால் படிவத்தில் மூன்றைச் சேர்த்து எழுதுங்கள்: மெழுகில் பதித்து வைத்த திசுவிலிருந்து டிஎன்ஏ பிரித்த அனுபவம், நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய அனுபவம், தோல் மருத்துவரோடும் நோய்க்குறியியல் மருத்துவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை. பட்டியல் சுருங்கும், சுருங்கட்டும்.

நேர்காணலுக்கு அவர்கள் தரும் கேள்விகள் எந்தத் துறைக்கும் பொருந்துபவை. ஒதுக்கிவிட்டு, உள்ளங்கால் டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) படம் ஒன்றைக் காட்டுங்கள். ரேகையின் பள்ளங்களில் நிறம் இணைகோடாக ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேடுகளில் ஓடினால் மெலனோமாவைச் சந்தேகிக்க வேண்டும். மேட்டின் நடுவே வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசைகட்டும். தேர்ந்தவரின் கண் முதலில் அதைத் தேடும்.

அடுத்து, பஃபர் (அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் உப்பு) சேர்க்காத ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஒரு வாரம் கிடந்த திசுவை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும், பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) 100 முதல் 150 கார இணை நீளத்துக்குள் பெருக்க வேண்டும் என்பவர் கை வைத்துப் பார்த்தவர். இனி வரும் திசுவை அதன் அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்தி எடுக்கச் சொல்வார். உடனே டிஎன்ஏ பிரிக்கும் ரசாயனத் தொகுப்பைக் குறை சொல்பவர் வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: பல்கலைக்கழக அறிவியல் துறைக்கு யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகள், மருத்துவக் கல்லூரித் தோல் துறைக்கு என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விதிகள், அங்கே எம்டி அல்லது டிஎன்பி என்ற மருத்துவ மேற்படிப்பு வேண்டும். நிறுவனம் இரண்டையும் ஒரே விளம்பரத்தில் கலக்கிறது. அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள்.

நியமனக் கடிதத்தில் 'ஆய்வக வசதி பின்னர்' என்று ஒரு வரியோடு முடிக்கிறார்கள். விடாதீர்கள். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, அதற்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பு, டீசல் இருப்பு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர்ப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. உறைந்த திசு ஒருமுறை உருகினால் ஆய்வுக்கு வேண்டிய ஆர்என்ஏ சிதைந்து போச்சு, அந்த நோயாளியிடம் மறுபடி கேட்டு வாங்க முடியாது.

சேர்ந்தவர் ஆறு மாதத்துக்குள் விலகினால் மறுதேடல் இலவசம் என்பது ஒப்பந்தத்தில் தானாக வராது. கேட்டால் சேர்க்கிறார்கள்.