வானொலியா, கைபேசியா: பழைய பாப் குழுக்களுக்கு எது கைகொடுக்கும்?

திருகோணமலையில் எங்கள் வீதி முச்சக்கரவண்டிக்கார அண்ணர் பண்பலையை அணைப்பதே இல்லை. பின்னிருக்கையில் அவருடைய மகள் காதுக்குள் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு கைபேசியில் வேறு பாட்டுக் கேட்கிறாள். புதுப்பாட்டு வெளியிடும் பெயர்பெற்ற பழைய பாப் குழுக்களின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வண்டிக்குள் அடங்கிவிடுகிறது.

வானொலியில் பாட்டைத் தெரிவு செய்பவர் வேறொருவர். அவர் வாரக்கணக்கில் ஒலிக்கவிட்டால், கேட்டவர் கடைக்குப் போய் இசைத்தட்டு வாங்கினார். ஒரு தட்டு, விற்பனைத் தரவரிசைப் பட்டியலில் ஒரு கணக்கு. வீட்டில் அதைத் தேயத்தேயக் கேட்டாலும் கணக்கு கூடாது. விசுவாசமான ரசிகர்கள் உள்ள குழுவுக்கு முதல் வாரமே அறுவடை.

பிரித்தானியத் தனிப்பாடல் பட்டியல் 2014 ஜூலையில் இணையவழிக் கேட்டலையும் சேர்த்துக்கொண்டது: 100 முறை கேட்டால் ஒரு விற்பனை என்பது அப்போதைய கணக்கு. ஐம்பது வயது ரசிகர் புதுப்பாட்டை நூறு தடவை கேட்பாரா? பழையதைத்தான் கேட்பார். வாம் என்ற இருவர் குழு 1984இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டு, 2021 ஜனவரியில்தான் அங்கே முதன்முறையாக முதலிடம் பிடித்தது. புதுப்பாட்டுக்குச் சக்களத்தி சொந்தப் பழைய பாட்டுத்தான்!

பல பாட்டுகள் அடங்கிய இசைத்தொகுப்புகளுக்கான பட்டியல் கொஞ்சம் இரக்கமுள்ளது; சுவீடனின் அபா குழு ஏறத்தாழ 40 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் வெளியிட்ட தொகுப்பு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது.

என் வாக்கு வானொலிக்கே. அண்ணர் புதுப்பாட்டைத் தேடிப் போகமாட்டார். அதுதான் அவருடைய வண்டிக்குள் ஏறவேண்டும்.