மோல்டு போடாமல் பாகங்கள்: லேசர் சின்டரிங்கோடு சில வருஷங்கள்

சென்சார் ஹவுசிங், கேபிள் கிளிப், காற்றுக் குழாய் என்று குறைந்த எண்ணிக்கையில் தேவைப்படும் பாகங்களைச் சில வருஷங்களாக லேசர் சின்டரிங்கில்தான் எடுக்கிறேன்; அதாவது, பிளாஸ்டிக் பவுடரை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக இணைக்கும் 3D அச்சு முறை. மெட்டீரியல் பெரும்பாலும் நைலான் 12. மோல்டு என்றால் வந்து சேரவே வாரக்கணக்காகும். வந்தபின் ஒரு துளையை 2 மி.மீ. நகர்த்தினாலும் தண்டச் செலவு. இதில் ஃபைலைத் திருத்தினால் போதும், அடுத்த முறை அச்சிடும்போது புதுப் பாகம். அச்சிடும்போது பாகத்துக்கு முட்டுக்கொடுக்கும் சப்போர்ட்டும் வேண்டாம், சுற்றியிருக்கும் பவுடரே தாங்கிக்கொள்ளும். ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் மட்டும் பேசாமல் மோல்டுக்கே போய்விடுவேன்.

"உடனே கிடைக்கும்" என்ற விளம்பரப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். பவுடர் எப்போதும் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் 170 டிகிரி செல்சியஸில் இருக்கும். லேசர் மிச்சச் சூட்டைக் கொடுத்து 0.1 மி.மீ. அடுக்குகளாக இணைக்கிறது. வேலை முடிந்தபின் மொத்தப் பவுடர் கட்டியும் மெல்ல ஆற வேண்டும். பல நேரம் அச்சிட்ட நேரத்துக்கு இணையாக இதற்கும் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் தட்டையான மூடிகள் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

செலவுக் கணக்கில் பலர் கோட்டைவிடுவது பழைய பவுடரில். உருகாமல் மிஞ்சியதை அப்படியே திரும்பப் போட முடியாது. மணிக்கணக்காகச் சூட்டில் கிடந்ததில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நீண்டு, உருகினாலும் சரியாக ஓடாது; மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்துப்போகும். பாதிக்குப் பாதி புதுப் பவுடர் கலப்பது வழக்கம். பாகத்தில் அந்தச் சொரசொரப்பு தெரிந்தால் நான் முதலில் விசாரிப்பது கலவை விகிதத்தைத்தான்.

பலம் திசைக்குத் திசை மாறும். கிளிப்பை நிமிர்த்தி அச்சிட்டால் அடுக்கு ஓடும் கோட்டிலேயே படக்கென்று ஒடியும். படுக்கவைத்து எடுத்தது வளைந்து கொடுக்கும். வெளியில் கொடுத்துச் செய்பவர்கள் எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் மெஷினின் பவுடர் பெட்டியில் இடம் கிடைத்தபடி அடுக்கிவிடுவார்கள்.

வளைந்து நெளிந்த நீளக் குழாய்களுக்குள் பவுடர் இறுகிக்கொள்ளும், காற்றடித்தாலும் அசையாது. இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. குழாய்க்குள்ளேயே ஒரு சங்கிலியை வரைந்து சேர்த்து அச்சிடுங்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கண்ணிகள் பவுடரைக் கிளறிக்கொண்டே வெளியே வரும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.