கேரமலா, சாக்லேட்டா, வனிலாவா: குமுளி அடுக்களையில் மூன்று இனிப்பு டீ

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு வெளியூரிலிருந்து வாசனை டீ கொண்டுவருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஏலக்காய் வீட்டுக்குப் பின்னால் காய்க்கிறது, தேயிலை வண்டிப்பெரியாறு போகிற வழியெல்லாம் நிற்கிறது. இருந்தாலும் பெங்களூரில் வேலை பார்க்கும் நாத்தனார் மகள் போன மாதம் ஒரு டப்பாவை நீட்டினாள். கேரமல் புட்டிங் சுவை சேர்த்த கட்டன் டீயாம், அதாவது பால் ஊற்றாத டீ. மூடியைத் திறந்ததும் சீனியைக் கருக்கிய வாசனை அடுக்களையை நிறைத்துவிட்டது. தாளித்துக்கொண்டிருந்த ரசத்தின் வாசனையே தெரியவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், இதைத் தனியாகக் குடித்துவிட்டு நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. எதிரே நிறுத்த ஆள் வேண்டும். தேக்கடி ரோட்டில் மசாலாக் கடைகளில் டூரிஸ்ட்காரர்கள் அள்ளிப் போகும் சாக்லேட் டீ ஒன்று. நான் வீட்டில் வனிலாக் காய் போட்டு ஊறவைத்த ஜாடித் தேயிலை இன்னொன்று. மூன்றுமே டீக்குள் இனிப்புப் பண்டத்தைக் கொண்டுவரப் பார்க்கிற சரக்கு. அளவுகோலாக ஓரத்தில் எதுவும் சேர்க்காத கொழுக்குமலை இலைத்தேயிலை. கொழுக்குமலை ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. தோட்டம் தேனி மாவட்டத்தில். ஜீப்பில் போவதென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். எங்களைப் போலவே எந்தப் பக்கத்து ஆள் என்று சட்டென்று சொல்ல முடியாத தேயிலை.

சுவை பார்க்க மூன்று பேர். நான், பக்கத்து வீட்டுச் சேச்சி, அப்புறம் பெரியப்பா. பெரியப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் 28 வருடம் நின்றவர். டீயை அவர் குடிப்பதில்லை, உறிஞ்சுவார். அந்தச் சத்தத்துக்கே முற்றத்துப் பூனை எழுந்து போய்விடும். ஆனால் காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் வாசனை தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும். டீ ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள்.

அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே: 200 மில்லி தண்ணீர், இரண்டரை கிராம் தேயிலை, நாலு நிமிடம். முதல் சுற்றில் சீனியும் இல்லை, பாலும் இல்லை. எங்கள் ஊர் உயரத்துக்குத் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கட்டன் டீக்கு அந்தச் சூடு தாராளம்.

கேரமல் டப்பாவில் இருந்தது அஸ்ஸாம் இலை. நடுநடுவே மஞ்சள் பூவிதழும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கேரமல் துணுக்குகளும். அஸ்ஸாம் டீக்கு இயல்பிலேயே மால்ட் வாசனை உண்டு, வறுத்த தானியம் மாதிரி. கேரமலுக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர் விஷயம் தெரிந்தவர். தண்ணீர் ஊற்றியதும் துணுக்குகள் கரைந்து மேலே மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு வந்தது. வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை, சேச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“மதுரம் இல்லல்லோ!”

அதுதான் விஷயம். மூக்கு புட்டிங் என்று சொல்கிறது, நாக்குக்கு வருவது துவர்ப்பு. துணுக்குகளில் இருந்த சீனி ஒரு கப்புக்குக் காணாது. இலை மோசமென்று சொல்ல மாட்டேன். இதே துவர்ப்பு சும்மா ஒரு கட்டனில் இருந்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் இனிப்பு வாசனையைக் காட்டிவிட்டுத் துவர்ப்பைக் கொடுத்தால் இருக்கிற துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரிகிறது. பாயசம் வைத்த உருளியைக் கழுவிய தண்ணீர் மாதிரி என்று எழுதினால் டப்பாவைக் கொடுத்த நாத்தனார் மகள் கோபித்துக்கொள்வாள். ஆனால் நினைத்தது அதைத்தான்.

சாக்லேட் டீயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் சின்னப் பேப்பர் கப்பில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். ஆளை அடித்துப்போட்டது, உடனே கால் கிலோ வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் போட்டபோதுதான் கடைக் கப்பில் பாதி சீனியும் பால்பொடியும் என்று புரிந்தது. சரக்கு, குருணையாக இருக்கிற சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பதால் சாயமும் கடுப்பும் சீக்கிரம் இறங்கும். பால் டீக்கு அதுதான் ராஜா. கூட இருந்த கோகோ பொடி தண்ணீரில் கரையாமல் அடியில் சேறாக நின்றது. இடுக்கியில் நல்ல கோகோ விளைகிறது, குற்றம் கோகோவின் மேல் இல்லை. சாக்லேட்டின் பாதி ருசி அதன் கொழுப்பு நாக்கில் உருகுவதில் இருக்கிறது. வெறும் தண்ணீரில் அது எங்கிருந்து வரும்? பெரியப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கப்பை வைத்தார்: “இதுல டீ எங்கம்மா?”

வனிலா என் சொந்தச் சரக்கு, ஒருதலைப்பட்சம் இருக்கும். அதனால் அதன் கோளாறில் இருந்தே தொடங்குகிறேன். முதல் தடவை போட்ட ஜாடி கெட்டுப்போனது. காய் இன்னும் பதமாகக் காயவில்லை, வளைத்தால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அவசரத்தில் அப்படியே நறுக்கிப் போட்டுவிட்டேன். பத்து நாளில் தேயிலையில் ஈரச் சாக்கு வாசனை. ஃபேக்டரியில் இருந்து வரும் தேயிலையில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். அந்த வறட்சியால் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தேயிலைக்கு வாசனை ஏற்ற முடிவதும் இந்தக் குணத்தால்தான், என் ஜாடி கெட்டதும் இதனால்தான். பெரியப்பா வேலை பார்த்த ஃபேக்டரியில் சோப்பு வாசனையோடு யாரையும் தேயிலை சலிக்கிற அறைக்குள் விடமாட்டார்களாம்.

இரண்டாவது தடவை காயை நிழலில் இன்னும் ஒரு வாரம் உலர்த்தினேன். தோல் சுருங்கி, பென்சில் கனத்துக்கு வந்து, ஒட்டாமல் வளைகிற பதம். நீளவாக்கில் கீறி நாலு துண்டாக்கி, 200 கிராம் கொழுக்குமலை இலையோடு கண்ணாடி ஜாடியில் மூன்று வாரம். தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

காய் பெரியப்பா வீட்டுக் கொடியில் காய்த்தது. 2003, 2004 வாக்கில் இடுக்கி முழுக்க வனிலாப் பைத்தியம் பிடித்திருந்தது. மடகாஸ்கரில் புயலடித்து விளைச்சல் போக, இங்கே பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போனது. ராத்திரியில் கொடிக்குக் காவல் போட்டார்கள். பிறகு விலை விழுந்தது, பலர் கொடியை வெட்டி எறிந்தார்கள். பெரியப்பா இரண்டு கொடியை மட்டும் விட்டுவைத்தார். பூ ஒரே ஒரு காலையில்தான் விரியும், அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். அவர் ஈர்க்குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். அடுத்த பூ. காய் முற்ற ஒன்பது மாதம். அதன் பிறகு வெந்நீரில் முக்கி, வெயிலில் வைத்து, கம்பளியில் சுற்றி வேர்க்கவைக்கிற பாடெல்லாம் தனி. இத்தனை பாட்டைப் பார்த்தால் வனிலின் என்ற வாசனைப் பொருளை ஜெர்மனியில் 1874லேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. கடையில் வாங்கும் வனிலா பண்டங்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

ஜாடி டீயின் வாசனை கேரமல் டப்பா மாதிரி தெருவரை போகாது. கப்பை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். முதல் வாயில் கொழுக்குமலை டீயின் அந்தத் தெளிவான, பூ கலந்த துவர்ப்பு, விழுங்கிய பிறகு வனிலா. கேரமலில் வாசனை முன்னால் வந்து டீ பின்னால் ஏமாற்றியது. இதில் டீ முன்னால் வந்து வாசனை கடைசியில் வருகிறது. அதனால் சீனி இல்லாமலும் நிற்கிறது. வனிலாக் காயைக் கடித்துப் பார்த்தால் லேசாகக் கசக்கும், இனிப்பே கிடையாது. ஐஸ்கிரீமும் கேக்கும் தின்று பழகிய நாம்தான் அந்த வாசனையை இனிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியிருந்தும் சேச்சி “கொள்ளாம், பக்ஷே ஐஸ்கிரீம் எவிடே?” என்று கேட்டார், நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஐஸ்கிரீம் எங்கே என்று. அவருக்குக் கேரமல் வாசனையின் மேல்தான் ஆசை.

அடுத்த சுற்று இனிப்போடு. சேச்சி “கொஞ்சம் சர்க்கரை இடு” என்றார், நான் சீனி டப்பாவை எடுத்தேன். அவர் கேட்டது வெல்லம். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம், சீனிக்குப் பஞ்சசார. பதினெட்டு வருடப் பழக்கத்திலும் இந்த ஒரு சொல் எங்களை இடறிவிடும். சரி, இரண்டையும் போட்டுப் பார்ப்போம் என்று செய்ததில்தான் கணக்கு மாறியது. கேரமல் டீயில் ஒரு தேக்கரண்டி சீனி போட்டதும் முதல் சுற்றில் வந்த குறை மொத்தமும் போய்விட்டது. மூக்கு சொன்னது நாக்குக்கும் வந்து சேர்ந்தது. வெல்லம் போட்டால் கேரமல் கெட்டுவிடுகிறது, இரண்டு கருகல் வாசனையும் முட்டிக்கொள்கிறது. வனிலாவுக்கு நேர்மாறு. சீனி அதைச் சப்பென்று ஆக்கியது. நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டபோது அடைப் பிரதமன் என்கிற வெல்லப் பாயசத்தின் நிழல் தெரிந்தது. ஓணத்துக்குச் சேச்சி வீட்டிலிருந்து வரும் தூக்குவாளியைத் திறந்த மாதிரி. சேச்சியே அதை இரண்டாவது கப் வாங்கிக் குடித்தார், ஐஸ்கிரீம் பேச்சு அப்புறம் வரவில்லை.

பால் ஊற்றினால் வரிசை மறுபடி மாறும். பாலின் புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கடுப்பான தூளுக்கு அது வரம். சாக்லேட் டீ பாலும் சீனியும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பிள்ளைகளுக்குச் சாயங்கால டீயாகத் தாராளமாகப் போகும், கடையில் எனக்குக் கொடுத்தது அதுதானே. கேரமலும் பாலில் அழகாக இருக்கிறது. வனிலா ஜாடி பாலில் காணாமல் போய்விட்டது. வெல்லம் போட்ட டீயில் பால் சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள், கொதிக்கும்போது சேர்த்தால் திரியும்.

விலையையும் பார்த்துவிடலாம். கேரமல் டப்பா 100 கிராம் 450 ரூபாய், நாற்பது கப் வரும், கப்புக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல். ஜாடி டீயில் இலை 200 கிராம் 300 ரூபாய், காய்க்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் கப் நாலரை ரூபாய். சாக்லேட் இரண்டு ரூபாய்தான், ஆனால் பாலும் சீனியும் கூட வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

விருந்தாளி வந்து அசர வேண்டுமென்றால் கேரமல். டப்பாவைத் திறக்கிற அந்த முதல் நொடிக்குக் காசு கொடுக்கலாம், சீனி கேட்காமலேயே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு விடியற்காலையில் கையில் பிடிக்க வனிலா ஜாடி. சாக்லேட் பாக்கெட்டை மறுபடி வாங்க மாட்டேன், மீதியைப் பிள்ளைகள் தீர்ப்பார்கள்.

பெரியப்பாவுக்கு நாலாவதுதான் பிடித்தது, எதுவும் போடாத கொழுக்குமலை. இனிப்பு வேண்டுமென்றால் வெல்லத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொள்வாராம். அப்படித்தான் குடித்தார். போகும்போது கேரமல் டப்பாவை அலமாரியில் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “ரெண்டையும் ஒண்ணா வைக்காதம்மா, நாளைக்கு எல்லாமே புட்டிங் ஆயிரும்” என்று சொல்லி அவரே எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.