உள்நோயாளியின் பீடி: தடுப்பதா, இடம் கொடுப்பதா, மருந்து கொடுப்பதா?

என் அப்பா நாற்பது வருடம் பீடி குடித்தவர். சர்க்கரையால் காலில் புண் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி நான் கண் விழித்துப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. கட்டுப் போட்ட காலோடு இரண்டு மாடி இறங்கிப் போய், கையில் டிரிப்ஸ் ஊசியோடு, மதில் ஓரம் இருட்டில் உட்கார்ந்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் டாக்டர் திட்டினார், சிஸ்டர் திட்டினார், நானும் திட்டினேன். "குடிக்காம இருக்க முடியலடா" என்று அவர் சொன்னதற்கு மட்டும் எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

நம் ஊரில் இப்போது இருப்பது தடை. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் மருத்துவமனைக் கட்டடங்களுக்குள் புகைப்பதைத் தடை செய்கின்றன. அபராதம் 200 ரூபாய் வரை. பெரிய ஹோட்டல், பெரிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் புகைப்பதற்கென்று தனி இடம் வைக்கலாம். மருத்துவமனைக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிற அதே சட்டம், மருத்துவமனை வாசலில் இருக்கும் பெட்டிக்கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆக, உள்ளே குடிக்க முடியாது, வாசலைத் தாண்டினால் வாங்கலாம். அப்பா போன்றவர்கள் மாடி இறங்குவது அதனால்தான்.

சரி, அப்படியானால் உள்ளேயே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்துவிடலாமா? இந்தக் கட்சியை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். கழிவறையில் ஒளிந்து பற்றவைப்பதைவிட, தெரிந்த இடத்தில் குடிப்பது மேல். ஆக்சிஜன் போகும் வார்டில் ஒரு தீக்குச்சி போதும், முகம் கருகிவிடும். ஆனால் கொட்டகை வரை யார் கூட்டிப் போவது? நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போக ஆள் வேண்டும், அதுவும் ஒரு நாளைக்குப் பத்து தடவை. உடம்புக்கும் இது கெடுதல். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமக்க வேண்டிய ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலில் புண்ணோடு படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு பீடியும் புண் ஆறுவதைத் தள்ளிப்போடுகிறது.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில். 2007 ஜூலையில் அங்கே கட்டடங்களுக்குள் புகைக்கத் தடை வந்தபோது, மனநல வார்டுகளுக்கு மட்டும் ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். தடையை எதிர்த்து ராம்ப்டன் என்ற உயர் பாதுகாப்பு மனநல மருத்துவமனையின் நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் இங்கேயே அடைபட்டிருக்கிறோம், வெளியே போய்க் குடிக்கவும் வழியில்லை, இதுதான் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் நாங்கள் புகைப்பதைத் தடுக்கலாமா என்பது அவர்கள் வாதம். 2009-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். தீர்ப்பு எப்படியிருந்தாலும், அனுமதி கேட்பவர்கள் சொல்வதிலேயே கனமான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். நாலு நாள் வந்து போகும் அறுவை சிகிச்சை நோயாளியிடம் சொல்வதை அவர்களிடம் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. தென் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுமம் 2014 அக்டோபரில் வளாகம் முழுவதும் புகைக்கத் தடை போட்டது. கூடவே, நோயாளிகளுக்கு நிகோட்டின் மாற்று மருந்தும் (தோலில் ஒட்டும் பேட்ச், மெல்லும் சூயிங்கம் போல, புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் கொடுப்பது) பழக்கத்தை விடுவதற்கான உதவியும் கொடுத்தது. தடை வந்தால் வார்டில் அடிதடி கூடும் என்று பயந்தவர்கள் நிறைய. அடுத்த ஒரு வருடக் கணக்கைப் பார்த்தபோது அடிதடிகள் 39 சதவீதம் குறைந்திருந்தன. 

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபைன் மருந்தைப் புகையிலுள்ள ரசாயனங்கள் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடுகின்றன. திடீரென்று புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறி மயக்கம், வலிப்பு வரை போகலாம். இதைச் செய்வது நிகோட்டின் அல்ல, புகை. அதனால் பேட்ச் ஒட்டினாலும் இந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும். டாக்டர் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டும், வீட்டுக்குப் போய்த் திரும்பவும் குடிக்க ஆரம்பித்தால் மறுபடி பார்க்க வேண்டும். வெறும் பலகை மாட்டித் தடை போடும் இடத்தில் இதை யார் கவனிப்பார்கள்?

ஆகவே எனக்குத் தடையா அனுமதியா என்பதைவிட, வெறுங்கையோடு தடையா மருந்தோடு தடையா என்பதுதான் பெரிய கேள்வி. பீடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தவிப்பு உச்சத்துக்கு ஏறும். அப்பா மாடி இறங்கியதும் மூன்றாம் நாள்தான். கனடாவில் ஒட்டாவா இதய நிலையம் 2002-இல் தொடங்கிய முறையில், சேர்க்கும்போதே எல்லாரிடமும் புகைப் பழக்கத்தைக் கேட்டு, கட்டிலிலேயே மருந்தும் ஆலோசனையும் கொடுத்து, வீட்டுக்குப் போன பிறகும் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். நம் நாட்டிலும் நிகோட்டின் மாற்று மருந்து 2022-இன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சூயிங்கத்தை எப்படி மெல்வது என்று சொல்லித் தரத்தான் ஆள் வேண்டும். குழந்தைகள் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். நாலு மெல்லு மென்று, வெற்றிலை போடுகிறவர்கள் போல் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருடம் அப்பாவை வேறொரு மருத்துவமனையில் சேர்த்தபோது, அங்கிருந்த டாக்டர் முதல் கேள்வியாக "ஒரு நாளைக்கு எத்தனை பீடி ஐயா?" என்று கேட்டார். திட்டவில்லை. பேட்ச் எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாளும் அப்பா கட்டிலில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் மறுபடி பீடிக்கட்டு வாங்கிவிட்டார், அதுவும் உண்மை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒரு மாதமாவது யாராவது தொடர்ந்து பேசினால்தான் பலன் நிற்கும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரு வரி இருந்திருக்கலாம்.

மின்சிகரெட்டை அதிகம் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2019-இல் இரண்டு மருத்துவமனைகளுக்குள் அதற்குக் கடையே திறந்தார்கள். அதே வருடம் இந்தியா அதைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் அனுமதி பக்கம் நிற்கிறேன். குணமாக வழியில்லாமல், வலி தணிப்புச் சிகிச்சையில் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர் ஒரு பீடி கேட்டால், ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டு, கட்டிடத்தை விட்டுத் தள்ளி, மரத்தடிக்குக் கூட்டிப் போய், குடித்து முடிக்கும் வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.